ஐஸ் உருகாமல் காப்பவர் கையில் உறையாத குழாய்கள்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் இடையில், கடற்கரைச் சாலையை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஃபைபர் பட்டறை இருக்கிறது. வள்ளங்களின் அடியில் விழுந்த வெடிப்புகளை அடைப்பதும், ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகளுக்கு மீன் வைக்கும் ஐஸ் அறை கட்டுவதும்தான் அங்கே அன்றாட வேலை. கடந்த கார்த்திகையில் எங்கள் கேரவன் டிரெய்லரின் தண்ணீர்க் குழாய்கள் முழுவதையும் உறைகுளிர் தாங்கும்படி மாற்றித் தரும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தேன். தை மாதத்தில் அந்த டிரெய்லரைக் காஷ்மீர் வரை இழுத்துச் சென்று, பத்து இரவுகள் அதிலேயே தங்கித் திரும்பிய பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் டிரெய்லர் கட்டுபவர்களோ வாங்குபவர்களோ எண்ணிப் பார்க்க நேர்வதில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை. நம் கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 ஸ்ரீநகரில்தான் தொடங்குகிறது என்ற ஆசையில் 2024 டிசம்பரில் முதன்முறையாக அங்கே போனோம். சில்லை கலான் என்று காஷ்மீரிகள் அழைக்கும் நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21 அன்று தொடங்குகிறது. அந்த ஆண்டு அன்றைய விடியலில் ஸ்ரீநகரின் வெப்பநிலை மைனஸ் 8.5 டிகிரி. காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. ஆனால் எங்கும் ஒரு சொட்டு ஒழுகவும் இல்லை என்பதால் கவலைப்படாமல் இருந்தோம். நண்பகல் வெயில் ஏறிய பிறகு சமையல் மேடைக்கு அடியில் ஈரம் கண்டு என் மனைவி கதவைத் திறந்தார். குழாயை வளைத்து இணைக்கும் பித்தளை எல்போவின் முதுகில் நகக்கீறல் போல ஒரு விரிசல். அதற்குள்ளிருந்து கண்ணாடித் தகடு போலப் பிதுங்கி நின்ற பனிக்கட்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சொட்டத் தொடங்கியது. உறையும்போது தண்ணீரின் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. உடைப்பது பனிக்கட்டிதான் என்றாலும், அது உருகும் வரை உடைப்பு வெளியே தெரிவதில்லை. பம்பின் தலையும், கெய்சருக்குப் போகும் சிபிவிசி என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயும் அதே இரவில் போயின.

ஊர் திரும்பிய பின் இரண்டு பட்டறைகளில் விசாரித்தேன். இரண்டு இடத்திலும் குழாய்க்கு மேல் ஃபோம் சுற்றினால் போதும் என்றார்கள். ஃபைபர் பட்டறை அண்ணாச்சி ஒருவர்தான் குழாயைத் தொடுவதற்கு முன், வண்டி ஓடாமல் நிற்கும் இரவில் உள்ளே சூடு எங்கிருந்து வரும் என்று கேட்டார். ஐஸ் அறையின் சுவருக்குள் பியூஎஃப் எனப்படும் பாலியூரிதேன் நுரையை நிரப்பும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்த அவருக்கு, காப்புறை சூட்டை உண்டாக்குவதில்லை, அது வெளியேறுவதையோ உள்ளே நுழைவதையோ தாமதப்படுத்த மட்டுமே செய்கிறது என்பது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கிறது. படகில் உருகுவதைத் தாமதப்படுத்தும் அதே நுரை, டிரெய்லரில் உறைவதைத் தாமதப்படுத்தும். பின்னால் ஒரு சூடு இல்லையென்றால் விடிவதற்குள் தோற்றுவிடும். அதன் பிறகு அவர் சொன்ன வார்த்தையை நம்பித்தான் வேலையைக் கொடுத்தேன்: “வெள்ளம் நின்னாத்தானே உறையும்? ஆளு இல்லாத நேரம் ஒரு சொட்டு நிக்காம வடிச்சிரணும். அதுதான் முதல் வேலை.”

அந்த முதல் வேலையை அவர்கள் செய்த விதம் மிகச் சிறப்பானது. வண்டியின் அடியில் தொங்கிக்கொண்டிருந்த 90 லிட்டர் தொட்டியைக் கட்டிலுக்குக் கீழே, வீட்டுச் சூடு படும் இடத்துக்கு மாற்றினார்கள். குளிரில் நொறுங்கும் சிபிவிசியை அகற்றிவிட்டு, ஓரளவு விரிந்து கொடுக்கும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய்களை இட்டார்கள். சுடுநீர், குளிர்நீர் இரண்டு வரிசைகளும் ஒரே பக்கமாகச் சரிந்து இறங்கி, மிகத் தாழ்ந்த இடத்தில் தனித்தனி வடிகால் வால்வில் முடிகின்றன. சரிவைக் கண்ணால் கணிக்காமல் ரசமட்டம் வைத்துப் பார்த்தே ஒவ்வொரு கிளாம்பையும் முறுக்கினார்கள். உப்புக்காற்றில் பழகியவர்கள் என்பதால் கிளாம்புகள் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. கெய்சரைச் சுற்றிச் செல்ல மூன்று வால்வுகள் கொண்ட ஒரு பைபாஸும், பம்புக்கு முன்னால் கேனிலிருந்து உறைதடுப்புத் திரவத்தை உறிஞ்ச ஒரு தனிக் குழாயும் வைத்தார்கள்.

தங்கியிருக்கும் இரவுகளுக்கான சூடு, குளிர் கூடும்போது தானே சூட்டைக் கூட்டிக்கொள்ளும் ஹீட்டிங் கேபிளிலிருந்து வருகிறது. குழாய் முழுவதும் அதைச் சுற்றிவிடலாம் என்பது என் எண்ணம், அண்ணாச்சி ஒப்பவில்லை. அவர் சொன்னது சரி என்பதைப் பிறகு கணக்குப் போட்டு உணர்ந்தேன். மீட்டருக்கு 16 வாட் வீதம் 14 மீட்டருக்கும் சுற்றினால் 224 வாட் ஆகும். 12 வோல்ட்டில் பத்து மணி நேரத்துக்கு ஏறத்தாழ 187 ஆம்பியர்-மணி வேண்டும். எங்களிடம் இருப்பது 100 ஆம்பியர்-மணி பேட்டரி. தளத்துக்கு வெளியே தெரியும் இரண்டரை மீட்டருக்கும் கழிவுநீர் வால்வுக்கும் மட்டும் கேபிளைச் சுற்றி, அதன் மேல் ஏசி குழாய்களுக்குப் போடும் கறுப்பு நைட்ரைல் உறையை மாட்டினார்கள். 40 வாட் என்ற அளவில், இரவு முழுவதும் ஓடியும் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பட்டறையின் யோசனையை நான் உறுதியாக மறுத்தேன், வாசகர்களும் மறுக்க வேண்டும். வடித்த பிறகும் குழாயின் மூலைகளில் தங்கும் நீருக்காக, கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை ஓட்டிவிடலாம் என்று அங்கே இருந்த ஒரு இளைஞர் சொன்னார். அந்தக் கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். சற்று இனிப்பாக இருக்கும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதற்கு இடமே இல்லை. இதற்கென்றே விற்கப்படும் இளஞ்சிவப்பு நிறத் திரவம் புரோப்பிலீன் கிளைக்காலால் ஆனது. நாகர்கோவில் கடைகளில் கிடைக்காததால் இணையத்தில் வரவழைத்தேன். கெய்சரை பைபாஸில் விட்டுப் பம்பை ஓட்டினால், ஒவ்வொரு குழாயிலும் இளஞ்சிவப்பு வரும் வரை எட்டு லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கை கழுவும் தொட்டியின் அடிவளைவிலும் ஒரு குவளை ஊற்ற வேண்டும். அந்தக் கேனில் மைனஸ் 46 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. திரவம் கூழாகத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே, மைனஸ் 12 டிகிரியை ஒட்டி.

காஷ்மீருக்கு முன் ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் ஓர் இரவு சோதித்தோம். புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்திருந்த அந்த விடியலில், குழாய்ப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி 9 டிகிரி காட்டியது. ஸ்ரீநகரில் வெளியே மைனஸ் 6 ஆக இருந்த இரவில் உள்ளே 3 டிகிரி. சமையல் மேடையின் அடிக்கதவைத் திறந்து வைத்திருந்தால் 5 டிகிரி. பத்துக் காலைகளிலும் தண்ணீர் வந்தது. பகலில் வண்டியை விட்டு இறங்கி விடுதியில் தங்கிய ஒரு நாளில், தொட்டியை வடித்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரால் 40 பிஎஸ்ஐ தாண்டாமல் குழாய்களை ஊதி, முழு வேலையையும் இருபது நிமிடத்தில் முடித்தோம்.

குறைகள் உண்டு. வெளிப்புற ஷவருக்குப் போகும் கிளைக்குழாயை மறந்து மேல்நோக்கி வளைத்துவிட்டார்கள். அதில் நிற்கும் நீர் வடிவதில்லை, காற்றடித்துத்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. பம்பின் வடிகட்டிக் கிண்ணத்தை ஒவ்வொரு முறையும் கையால் கழற்றிக் கொட்ட வேண்டும். ஏழு வால்வுகளில் ஒன்றிலும் எது எதற்கானது என்று எழுதவில்லை. ஸ்ரீநகர்க் குளிரில், கையுறையோடு, டார்ச் வெளிச்சத்தில் தேடுகிறவர்களுக்கு அது சிறிய குறை அல்ல. ஒன்பது நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்குப் பதினாறு நாள் ஆயிற்று, இடையில் அவர்களாகத் தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. பொருள்களோடு சேர்த்து 38,500 ரூபாய் வாங்கினார்கள். முந்தைய உடைப்பைச் சரிசெய்யவும் பாதியில் திரும்பவும் நாங்கள் செலவிட்டதோடு ஒப்பிட்டால் அதை நியாயமான விலையாகவே கருதுகிறேன்.

ஷவர் குழாயைக் காசில்லாமல் திருத்தித் தருவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். ஆனால் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் பட்டறையில் வண்டி நிறுத்த இடமிருக்காது. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல் உள்ளிட்ட மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை என்பதால், இம்மாவட்டத்துப் படகுகள் எல்லாம் அந்த மூன்றரை மாதத்தில்தான் பழுதுபார்க்கக் கரையேறுகின்றன. குளிர்காலப் பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்ய நினைப்பவர்கள், படகுகள் கடலுக்குத் திரும்பிய பிறகு, ஆவணியில் கொண்டுபோய் விடலாம்.