குளோன்ஸில்லா: காப்பி கச்சிதம், லைசென்ஸ் உங்கள் பாடு

ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ், ஆபீஸ், பிரின்டர் டிரைவர் எல்லாம் போட்டுச் சரிபார்த்து, அதையே இருபது முப்பது மெஷின்களில் இறக்க வேண்டுமென்றால் வட்டை அப்படியே நகலெடுக்கும் குளோன்ஸில்லா அளவுக்குச் சிக்கனமான கருவி குறைவு. தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் இலவசமாக வருகிறது. எத்தனை மெஷின்களில் ஓட்டினாலும் அதற்கென்று தனி லைசென்ஸ் வாங்க வேண்டாம். ஆனால் வட்டுக்குள் இருக்கும் மென்பொருள்களின் லைசென்ஸ் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது எடுப்பது அசல் ஈயடிச்சான் காப்பி. மூல மெஷினின் அடையாள எண்கள், ஆக்டிவேஷன் நிலை, ஆன்டிவைரஸ் ஏஜென்ட்டின் ஐடி என்று அத்தனையும் எல்லா மெஷினிலும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும்.

காப்பி எடுக்கும் வேலையில் குறை சொல்ல அதிகமில்லை. பார்ட்குளோன் என்ற துணை நிரலின் உதவியுடன் தரவு இருக்கும் பகுதிகளை மட்டும் எடுப்பதால், 500 ஜிபி வட்டில் 60 ஜிபிதான் நிரம்பியிருந்தால் இமேஜ் (வட்டின் நகல் கோப்பு) அதைவிடச் சிறியதாகவே அமையும். லைட் சர்வர் முறையில் மல்டிகாஸ்ட் வழியாக எல்லா மெஷின்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பலாம். இரண்டு இடங்களில் முரண்டு பிடிக்கும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் விண்டோஸ் முழுதாக ஷட்டவுன் ஆவதில்லை, அதனால் அந்தப் பார்ட்டிஷனை (வட்டுப் பிரிவை) எடுக்க மறுக்கும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய பார்ட்டிஷன் என்றால் உள்ளே எது காலி, எது நிரம்பியது என்று தெரியாமல் அந்தப் பார்ட்டிஷன் முழுவதையும் செக்டர் செக்டராக இழுக்கும். இமேஜ் எடுக்கும் முன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவினால் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே கிளம்பக்கூடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உரிமை. கம்ப்யூட்டரோடு வந்த ஓஇஎம் விண்டோஸை இமேஜ் எடுத்து மற்ற மெஷின்களில் இறக்கினால், கீ ஃபர்ம்வேரிலேயே இருப்பதால் பல நேரம் அதுவாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆக்டிவேட் ஆனதாலேயே அது முறையான லைசென்ஸ் ஆகிவிடாது. மைக்ரோசாஃப்ட் விதிப்படி இமேஜை வால்யூம் லைசென்ஸ் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் உரிமம்) மீடியாவிலிருந்து உருவாக்க வேண்டும். அதற்கு அந்தத் தயாரிப்பில் ஒரு வால்யூம் லைசென்ஸாவது கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் அதே எடிஷன், அதே வெர்ஷனுக்கு ஏற்கெனவே லைசென்ஸ் இருந்தால் அந்த ஒன்றே மறுஇமேஜ் உரிமைக்குப் போதும். ஹோம் எடிஷனோடு வந்த மெஷினில் புரோ இமேஜை இறக்குவது இந்தக் கணக்கில் வராது.

மூல மெஷினின் அடையாளங்களை நீக்கி இமேஜுக்குச் சீல் வைக்கும் வேலை, விண்டோஸோடு வரும் சிஸ்பிரெப் நிரலுடையது, குளோன்ஸில்லாவுடையது அல்ல. விண்டோஸ் முதன்முறை எழும்பும் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, பயனர் கணக்கு உருவாக்காமலே உள்ளே விடும் ஆடிட் மோடுக்குள் போய், மென்பொருள்களை அங்கேயே நிறுவுங்கள். முடிந்ததும் சிஸ்பிரெப்பை ஜெனரலைஸ் (அடையாளங்களை நீக்க), ஓஓபிஇ (அடுத்து முதன்முறைத் திரை வர), ஷட்டவுன் என்ற தேர்வுகள் மூன்றும் சேர்த்து ஓட்டுங்கள். மெஷின் அணைந்ததும் மறுபடி விண்டோஸுக்குள் போகாமல் நேரே குளோன்ஸில்லா யுஎஸ்பியில் பூட் செய்ய வேண்டும். ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் சீல் உடைந்தது என்று பொருள். பாதியில் சிஸ்பிரெப் நின்றால், பெரும்பாலும் ஸ்டோர் ஆப் ஒன்று ஒரு பயனருக்கு மட்டும் நிறுவப்பட்டிருக்கும். சிஸ்பிரெப் ஃபோல்டருக்குள் பாந்தர் ஃபோல்டரில் உள்ள செட்அப்ஆக்ட் லாகில் அந்த ஆப்பின் பெயரே எழுதியிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால் போதும்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே குளோன் செய்தவர்களை, அலுவலக நெட்வொர்க்கிலேயே வால்யூம் லைசென்ஸை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வர்தான் முதலில் பிடிக்கும். குறைந்தது 25 கிளையன்ட் மெஷின்கள் கேட்ட பிறகே அது விண்டோஸை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். அது மெஷினை எண்ணுவது சிஎம்ஐடி என்ற அடையாள எண்ணை வைத்து. 30 மெஷின்களிலும் ஒரே சிஎம்ஐடி என்றால் அதன் கணக்கில் இருப்பது ஒரே ஒரு மெஷின். விளைவு, சி004எஃப்038 என்ற எர்ரர். சர்வரில் எஸ்எல்எம்ஜிஆர் டிஎல்ஐ என்ற கட்டளையை ஓட்டி, எண்ணிக்கை ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ஒவ்வொரு மெஷினிலும் சிஎம்ஐடியைப் புதிதாக்க எஸ்எல்எம்ஜிஆர் ரீஆர்ம், ரீஸ்டார்ட், பிறகு ஆக்டிவேட் செய்ய எஸ்எல்எம்ஜிஆர் ஏடிஓ. சிஸ்பிரெப் ஓட்டியும் இதே கதை என்றால் ஆன்சர் ஃபைலில் (நிறுவலுக்கான பதில்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு) ரீஆர்மைத் தவிர்க்கச் சொல்லும் ஸ்கிப்ரீஆர்ம் மதிப்பு 1 என்று இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய ஆன்சர் ஃபைலை அப்படியே எடுத்து ஓட்டும் இடங்களில் இது சகஜம். நேரே மைக்ரோசாஃப்டிடம் ஆக்டிவேட் ஆகும் எம்ஏகே கீ என்றால் இந்த எண்ணிக்கைத் தொல்லை இல்லை, ஆனால் ஒவ்வொரு ஆக்டிவேஷனும் ஒதுக்கீட்டிலிருந்து கழியும். அடிக்கடி இமேஜ் மாற்றும் அலுவலகத்துக்கு அது ஒத்துவராது.

வால்யூம் லைசென்ஸ் ஆபீஸுக்கு சிஸ்பிரெப் மட்டும் போதாது. சீல் வைக்கும் முன் ஆபீஸ் ஃபோல்டரில் உள்ள ஓஎஸ்பிபி ரீஆர்ம் நிரலையும் அட்மின் உரிமையோடு ஓட்ட வேண்டும். ஆபீஸுக்கு கேஎம்எஸ் கேட்பது 5 மெஷின்கள்தான். மைக்ரோசாஃப்ட் 365 என்றால் நிறுவியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று வேர்டைத் திறந்து யாராவது சைன் இன் செய்தால் இமேஜ் கெட்டது. ஒரு பயனருக்கு 5 கம்ப்யூட்டர்கள் என்ற வரம்பு இருப்பதால், பலர் மாறி மாறி உட்காரும் மெஷின்களுக்கு ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷனை நிறுவும்போதே தேர்வு செய்துவிட வேண்டும்.

நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு கட்டிய பொறியியல் மென்பொருள் லைசென்ஸ்கள் குளோன் செய்த மெஷினில் எழவே எழாது. அந்த லைசென்ஸ் கோப்பை இமேஜில் வைக்காமல் பிறகு தனித்தனியே போடுங்கள். ஆன்டிவைரஸையும் அப்படியே விட்டால் அதன் நிர்வாகக் கன்சோலில் முப்பது மெஷினுக்கு ஒரு மெஷின்தான் தெரியும்.

எஸ்ஐடி (விண்டோஸ் ஒவ்வொரு மெஷினுக்கும் தரும் பாதுகாப்பு அடையாள எண்) ஒன்றாக இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்கள், விண்டோஸ் 11-இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளிலும் சர்வர் 2025-இலும் ஒரே எஸ்ஐடி கொண்ட மெஷின்களுக்கு இடையே லாகினை மறுக்கின்றன. ஷேர்டு ஃபோல்டர், ரிமோட் டெஸ்க்டாப் இரண்டும் நிற்கும்.

குளோன்ஸில்லாவில் எனக்குப் பிடிக்காதது அதன் மெனு. மூல வட்டையும் இலக்கு வட்டையும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற லினக்ஸ் பெயர்களில் காட்டும். கவனம் சிதறினால் நல்ல வட்டே அழியும். இலக்கு வட்டு ஒரு செக்டர் சிறியதாக இருந்தாலும் இறக்க மறுக்கும். ஒரே 256 ஜிபி என்று எழுதிய இரு பிராண்டு எஸ்எஸ்டிகளில் செக்டர் எண்ணிக்கை வேறுபடலாம். அதனால் இருப்பதிலேயே சிறிய வட்டுள்ள மெஷினில் மூல இமேஜைத் தயாரியுங்கள். பெரிய வட்டுகளில் எக்ஸ்பர்ட் மோடில் கே1 என்ற தேர்வைக் கொடுத்தால் பார்ட்டிஷன்கள் விகிதப்படி விரியும்.