டட்டன் ஃபேட்டன், 1983: இரண்டு பேர் செய்த கார்

பழைய கிட் கார் வாங்கலாமா என்று இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வீட்டு முன்னால் நிற்கிற சிவப்பு வண்டியைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

கார்: டட்டன் ஃபேட்டன், 1983இல் பதிவானது. லிங்கன்ஷையரில் ஒரு பண்ணைக் கொட்டிலில் இருந்து 1,450 பவுண்டுக்கு வாங்கி, ட்ரெய்லரில் ஏற்றி லண்டன் ஹரோவுக்குக் கொண்டுவந்தோம். எஞ்சின் இறுகிக் கிடந்தது, பிரேக் இல்லை, ஓட்டுகிறவரின் இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஓட வைக்க இருபத்தெட்டு மாதமும் மேலும் 3,900 பவுண்டும் போயின. வேலை செய்தவர்கள் இவர்கள்: யாழ்ப்பாணம் கொக்குவிலில் கராஜ் வைத்திருந்த என் அப்பா, வயது 77. பகலில் மருந்தகத்தில் வேலை செய்யும் நான். ஏ லெவல் படிக்கும் என் மகள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெல்டிங் செட்டோடு வரும் தம்பி. பிரேக் மிதிக்க மட்டும் சம்மதித்த என் கணவர்.

கிட் கார் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக: கம்பனி இரும்புச் சட்டகத்தையும் ஃபைபர்கிளாஸ் உடலையும் விற்கும். எஞ்சின், கியர்பெட்டி, பின் அச்சு எல்லாம் ஏதாவது பழைய காரில் இருந்து நீங்களே கழற்றிப் பூட்டவேண்டும். பிரிட்டனில் 1973 வரை இதில் வரி லாபமும் இருந்தது. முழுக் காருக்குத்தான் கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கினால் இல்லை. ஆனால் பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் அதுவும் முழுக் கார்க் கணக்கில் சேர்ந்துவிடுமாம். அதனால் லோட்டஸ் கம்பனி தன் செவன் காருக்குக் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, கடைசியில் இருந்து வாசியுங்கள் என்றது என்று ஒரு கதை இங்கே கார்க்காரர்களிடம் உண்டு. எங்கள் வண்டி எந்தக் கையேடும் இல்லாமல் வந்தது. நாங்களும் கழற்றித்தான் படித்தோம்.

டட்டன், சசெக்ஸ் கடற்கரையில் வேர்திங் பக்கத்துக் கம்பனி. டிம் டட்டன் என்பவர் 1970 அளவில் தொடங்கினார். 1980களில் மற்ற எவரையும்விட அதிகமாகக் கிட் கார் விற்கிறோம் என்று சொல்லும் அளவுக்கு வளர்ந்து, அந்தப் பத்தாண்டோடு நின்றுபோனது. அவர்களுடைய இன்னொரு மாடலின் பெயர் சியெரா. 1982இல் ஃபோர்ட் அதே பெயரில் கார் இறக்கியபோது விஷயம் நீதிமன்றம் வரை போனது, ஆனால் ஃபோர்டால் அந்தப் பெயரைப் பறிக்க முடியவில்லை. அப்பாவுக்கு இந்தக் கதை என்றால் உயிர். எங்களுடையது சியெரா இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும், தேத்தண்ணி குடிக்க வருகிற எல்லோருக்கும் வழக்கைச் சொல்லித்தான் காரைக் காட்டுவார்.

நல்லதை முதலில் சொல்கிறேன். உள்ளே இருப்பது ஃபோர்ட் எஸ்கோர்ட். 1298 சிசி எஞ்சின், ஒரு கார்பரேட்டர், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது. பொனற்றைத் தூக்கினால் நிலம் தெரியும். அப்பா முதல் நாள் எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாத்துக்கும் கை போகுது பிள்ளை” என்றார். அவர் வாயில் இருந்து ஒரு காருக்கு வரக்கூடிய பெரிய பாராட்டு அது. ஃபைபர்கிளாஸ் உடலைத் தட்டிப் பார்த்ததும் முகம் மாறியது. “இது போட் செய்யிற சாமான் எல்லோ.”

இறுகிய எஞ்சினுக்குள் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊறவைத்தார். பிறகு தினமும் மாலையில் பெரிய ஸ்பானர் போட்டுக் கொஞ்சம் அசைப்பார், சரி நாளைக்கு என்று போய்விடுவார். பதினோராவது நாள் சுழன்றது. பிளக் வயர்களைக் கொடுக்கும்போது, நாலு சிலிண்டரும் பற்றவேண்டிய வரிசையை நான் 1-3-4-2 என்று எழுதி வைத்திருந்தேன், அவருடைய ஒஸ்டின்களுக்கு அதுதான் என்று சின்ன வயதில் கேட்ட ஞாபகம். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. எஞ்சினைக் கையால் சுற்றி வால்வுகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, 1-2-4-3 என்று தானாகவே கண்டுபிடித்தார்.

அந்த எஞ்சினில் போல்ட் எல்லாம் இஞ்சிக் கணக்கு. 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அரை இஞ்சித் தலையில் போகும், ஆனால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். ஊரில் இருந்து எதற்கு இந்த இரும்பை விமானத்தில் கட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று அம்மா இருபது வருடமாகத் திட்டிய பெட்டி கடைசியில் திறந்தது. மொரிஸ் மைனர் கழற்றிய ஸ்பானர்கள் எஸ்கோர்ட்டையும் கழற்றின.

இனி மற்றவர். பழைய கிட் கார் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்: இந்தக் காரை இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். கம்பனி பாதி, முகம் தெரியாத ஒருவர் தன் ஷெட்டில் மீதி. கம்பனியைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கலாம். ஷெட்காரரைப் பற்றி விசாரிக்க ஆள் இல்லை, அவர் செய்த வேலையைப் பார்த்துத்தான் ஆளை அறியவேண்டும்.

எங்கள் ஷெட்காரருக்கு மகள் வைத்த பெயர் பச்சையர். முழுக் காருக்கும் பச்சை வயர் மட்டும் ஓட்டியிருந்தார். தலை விளக்கு, ஹோர்ன், வைப்பர், பெற்றோல் மானி எல்லாமே பச்சை. மலிவாக ஒரு பெரிய உருளை கிடைத்திருக்கும் போல. டாஷ்போர்டைக் கழற்றியபோது கீரைக்கட்டு அவிழ்ந்த மாதிரி விழுந்தது. நாங்கள் அதைப் படிக்க மூன்று வாரம் முயன்றோம், பிறகு வெட்டி எறிந்துவிட்டுப் புது வயர் இழுத்தோம்.

ஆனால் அதே ஆள் பிரேக் குழாயைச் சாண் அளவுக்கு ஒரு கிளிப் போட்டு, அடிமட்டம் வைத்த மாதிரி நேராகக் கொண்டுபோயிருந்தார். குழாய் உள்ளே அரித்துப் போனதால் மாற்றத்தான் வேண்டியிருந்தது, என்றாலும் அப்பா அவர் போன வழியிலேயே, அவர் போட்ட துளைகளிலேயே புதுக் குழாயைப் பூட்டினார். “உவனுக்கு இரும்பு தெரியும், கறண்ட் தெரியாது” என்று தீர்ப்பு. மதிப்பெண் போடச் சொன்னால் ஃபோர்டின் பாகங்களுக்கு ஐந்தில் நான்கரை, சட்டகத்துக்கும் உடலுக்கும் மூன்றரை, பச்சையருக்கு இரண்டு. பிரேக் குழாய்க்காக அரை கூட்டிக்கொள்ளலாம்.

கறண்ட் விஷயத்தில் நாங்களும் பெரிதாகச் சிரிக்க முடியாது. வால் விளக்கைப் பூட்டிய அப்பா, வாழ்நாள் முழுவதும் செய்தபடி எர்த் வயரை, அதாவது மின்சாரம் பற்றரிக்குத் திரும்பிப் போகும் வயரை, உடலில் ஒரு ஸ்குரூவால் இறுக்கினார். எரியவில்லை. பல்பை மாற்றினார். பற்றரியைச் சோதித்தார். கால் மணி நேரம் கழித்து மகள்தான் மெதுவாகச் சொன்னாள்: “அம்மப்பா, இது இரும்பு இல்லை.” ஃபைபர்கிளாஸ் வழியாக மின்சாரம் போகாது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயரைத் தனியாகச் சட்டகம் வரை இழுக்கவேண்டும். பழைய கிட் காரில் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். அப்பா அன்றைக்கு அதற்குப் பிறகு பேசவில்லை, அடுத்த நாள் காலை பதினான்கு எர்த் வயர் வெட்டி வைத்திருந்தார்.

சட்டகத்தில் அவர் குறடு வைத்துத் தட்டிக்கொண்டே போனார். நல்ல குழாய் மணிபோல ஒலித்தது. ஓட்டுகிறவரின் காலடியில் இரண்டு இடத்தில் சத்தம் செத்திருந்தது. நாற்பது வருட மழைத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கி உள்ளிருந்து அரித்திருக்கிறது, வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். தம்பி வெட்டி ஒட்டினான். வாங்கப் போகும்போது ஒரு சின்னச் சுத்தியல் கொண்டுபோங்கள்.

ஃபைபர்கிளாஸ் வேலை மகளுடையது. வெடித்த இடத்தை நாலாபக்கமும் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கண்ணாடி நார்ப் பாயை ரெசினில் நனைத்து உள்பக்கம் இருந்து அடுக்கவேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு 20 மில்லி அளவில் ஹார்டனர். கூடினால் கோப்பையிலேயே சூடேறி இறுகிவிடும். வேதியியல் படிக்கிறவள் என்பதால் சிரிஞ்சில் அளந்து விட்டாள், அதில் பிழை வரவில்லை. நாங்கள் மறந்தது குளிரை. ஜனவரியில் ஷெட்டுக்குள் பூசிய ரெசின் மூன்று நாளாகியும் பாணியாகவே இருந்தது. 15 பாகைக்குக் கீழே அது ஒழுங்காக இறுகாது.

அதனால் மூக்குப் பகுதியைத் தூக்கி வீட்டின் கண்ணாடி அறைக்குள் வைத்தோம். அங்கேதான் குளிர்காலத்தில் அம்மாவின் கறிவேப்பிலை மரம் நிற்கும். ரெசின் இறுகியது. வீடு முழுக்க நாற்றம், சோற்றிலும் அது மணந்தது. அந்த மாதம் கறிவேப்பிலை மொத்த இலையையும் கொட்டிவிட்டது. வெளிச்சம் குறைந்ததால் என்று நான் இன்னமும் வாதாடுகிறேன். மார்ச்சில் துளிர்த்ததும் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மன்னிப்பு எதுவும் இருக்கவில்லை.

பாகங்கள் கிடைக்கின்றன, ஆனால் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு காலத்தில் துருப்பிடித்த எஸ்கோர்ட்டைச் சும்மா கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்று அந்தப் பழைய எஸ்கோர்ட்டுக்கே பெரிய விலை, அதன் பாகங்களுக்கும் அப்படித்தான். ஒரு கடை எனக்குத் தவறான அளவில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரை இரண்டு தடவை அனுப்பியது, திருப்பி அனுப்பும் செலவு என் தலையில். பழையதைக் கையில் வைத்து அளந்துவிட்டு, அளவைச் சொல்லி வாங்குங்கள்.

பெற்றோல் பற்றி ஒரு வார்த்தை. 2021 செப்டெம்பரில் இருந்து இங்கே சாதாரண பெற்றோல் ஈ10, பத்து வீதம் வரை எத்தனால் கலந்தது. அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். நாங்கள் குழாய்களை மாற்றியும் எத்தனால் குறைந்த ஈ5தான் அடிக்கிறோம். நான் இதை மிகக் கவலையோடு விளக்கியபோது அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மண்ணெண்ணெயில ஓடின காரைப் பாத்தனான்” என்றார். தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்துக் கார்கள் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில்தான் ஓடின. அவற்றை ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். அதற்குமேல் நான் எத்தனாலைப் பற்றிப் பேசவில்லை.

ஓட்டம் எப்படி? சத்தம், காற்று, முழங்கால் சூடு. எங்கள் வண்டிக்குக் கதவு இல்லை, காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏறவேண்டும். அப்பாவுக்காக ஒரு முக்காலி பின்னால் கட்டியிருக்கிறது. ஸ்டீயரிங் உள்ளங்கைக்குள் பேசும். 40 மைலில் போகும்போது 70இல் போகிற மாதிரி இருக்கும், அதனால் வேகக் கட்டுப்பாட்டுக் கமெராக்கள் எனக்கு இனிப் பிரச்சினையில்லை. மழை வந்தால் கூரை உண்டு, ஆனால் அதைப் பூட்டி முடிப்பதற்குள் மழை விட்டுவிடும். வெம்பிளி ஈலிங் றோட்டுக்கு மரக்கறி வாங்கப் போனோம். முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது.

வாங்கப் போகிறவர்கள் பதிவுப் பத்திரத்தையும் வாசியுங்கள். காரின் பெயர் இன்னும் பழைய ஃபோர்டாகவே பதிந்திருந்தால் பிறகு தலையிடி. எங்களுடையதில் டட்டன் என்றே இருந்தது. பச்சையர் அதையும் ஒழுங்காகச் செய்திருக்கிறார், ஆகவே மூன்று.

நாங்கள் இழுத்த புது வயர்கள் எட்டு நிறம். அது போதாதென்று ஒவ்வொரு முனையிலும் அப்பா வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறார், “இடது வால்”, “ஹோர்ன்” என்று, எல்லாம் தமிழில். ஒருநாள் இதை விற்றால் வாங்குகிறவர் டாஷ்போர்டைக் கழற்றிவிட்டு எங்களுக்கு என்ன பெயர் வைப்பாரோ தெரியாது.