ரோமானிய நகரங்களின் இருப்பிடத்தைத் தேட உதவும் பிளையடீஸ் தளம்: ஒரு மதிப்புரை

ரோமானியப் பேரரசுக் காலத்து நகரம் ஒன்றின் பெயரைப் படித்துவிட்டு, அது இன்றைக்கு எந்த நாட்டில், எந்த ஊரருகே இருக்கிறது என்று அறிய விரும்புவோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது பிளையடீஸ் என்னும் இலவச இணையதளத்தை. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் தொல்லுலக ஆய்வு நிறுவனமும் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் தொல்லுலக நிலவரைபட மையமும் வளர்த்துவரும் இத்தளத்தில் 40,000-க்கும் மேற்பட்ட இடங்கள் பதிவாகியுள்ளன.

இடம், பெயர், அமைவிடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிந்து வைத்திருப்பதே இதன் பெருஞ்சிறப்பு. ஒரே ஊர் காலத்துக்கொரு பெயரைத் தாங்கியிருக்கலாம். பழைய நூல்களில் பெயர் இருந்தும் ஊர் அகப்படாமலே போயிருக்கலாம். துல்லியமாகத் தெரிந்த இடம் வரைபடத்தில் புள்ளியாகவும், தோராயமாக மட்டும் தெரிந்தது ஒரு கட்டமாகவும் தோன்றுகிறது. கட்டத்தின் நடுவில்தான் நகரம் இருந்தது என்று கொள்ளக்கூடாது. அப்பரப்புக்குள் எங்கோ இருந்தது என்பதே அதன் பொருள்.

இந்தக் கவனம் ஏன் தேவை என்பதற்கு யூப்ரடீஸ் ஆற்றின் கரையிலிருந்த ஸியூக்மா நகரம் நல்ல சான்று. அலெக்சாந்தரின் தளபதிகளுள் ஒருவரான செலூகஸ் நிகேட்டர் நிறுவி, பின்னர் ரோமானியர் வசமான இந்நகரம் இன்றைய துருக்கியின் பிரெஜிக்கில் இருந்தது என்று சில அறிஞர்கள் கருதிவந்தனர். அங்கிருந்து ஆற்றின் மேற்போக்கில் உள்ள பெல்கிஸ் கிராமமே அது என்பதை 1970-களில் யோர்க் வாக்னர் நிலைநாட்டினார். ஸியூக்மாவில் தங்கியிருந்த ரோமானியரின் நான்காம் ஸ்கிதியப் படைப்பிரிவின் முத்திரை பதிந்த ஓடுகள் அங்கே கிடைத்தன. அந்நகர நாணயங்களில் காணப்படும் குன்றுக் கோயிலும் பெல்கிஸ் குன்றோடு பொருந்திற்று. ஆனால் 2000-இல் பிரெஜிக் அணை நிரம்பியபோது நகரின் தாழ்வான பகுதியும் எதிர்க்கரையிலிருந்த அபாமியா நகரும் நீரில் மூழ்கின. இருப்பிடம் தெரிந்துவிட்டதாலேயே அங்கே போய் முழு நகரையும் பார்த்துவிட முடியாது. அங்கிருந்து மீட்கப்பட்ட தரைச்சித்திரங்களை (மொசைக்) காண, 2011-இல் திறக்கப்பட்ட காஸியாந்தெப் அருங்காட்சியகத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

ஆகவே, பயணம் போக எண்ணுவோர் இத்தளத்தை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். பார்வை நேரம், சாலை வசதி முதலியவற்றைச் சொல்வது இதன் வேலையன்று. தரவைக் கோப்பாக இறக்கி, கூகுள் எர்த்தில் திறந்து, செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பது மிகவும் பயன்தரும். புள்ளி வயலில் விழுகிறதா, குடியிருப்பில் விழுகிறதா, நீர்த்தேக்கத்தில் விழுகிறதா என்பது உடனே விளங்கிவிடும்.

குறைகளும் உண்டு. தளம் ஆங்கிலத்தில் இருக்கிறது. தன்னார்வலர்கள் திருத்தி வளர்ப்பதால் பதிவுகளின் தரம் ஒரே சீராக இல்லை. சிலவற்றில் விரிவான சான்றுகள் உள்ளன, சிலவற்றில் பெயரும் ஒரு கட்டமும் தவிர வேறு அதிகம் இல்லை.

எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வோர் இடத்துக்கும் இத்தளம் மாறாத எண் ஒன்றைத் தந்திருக்கிறது, ரோம் நகரின் எண் 423025. கட்டுரையில் பழைய பெயரோடு அந்த எண்ணையும் குறித்துவிட்டால், ஒரே பெயருடைய பல அபாமியாக்களில் எதைச் சொல்கிறீர்கள் என்ற ஐயம் வாசகருக்கு எழாது.