கூலன்ட் எங்கேதான் போனது? பழைய பெட்ரோல் காருடன் நான்கு வருடம்

செகண்ட் ஹேண்டில் வாங்கி நான்கு வருடமாக ஓட்டும் கார். 1,10,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. மைலேஜ், சஸ்பென்ஷன், சீட் எதிலும் பெரிய குறையில்லை. எட்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு விஷயம்தான்: இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட் குறைந்துகொண்டே போனது. அதை மட்டும் எழுதுகிறேன்.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும்போது, 40 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, ஏசி நின்றுவிட்டது. கம்ப்ரஸர் போச்சு என்று நினைத்தேன். அப்புறம்தான் இன்ஜின் வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடப்போவது கண்ணில் பட்டது. இன்ஜின் ரொம்பச் சூடானால் பல கார்களில் முதலில் ஏசியைத்தான் அணைத்துவிடும். ஓரங்கட்டி, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு கூலன்ட் டேங்க் மூடியைத் திறந்தேன். (சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும்.) டேங்க் கிட்டத்தட்ட காலி. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, சூட்டை இழுக்க ஹீட்டரை முழுசாக வைத்து, வியர்த்து ஊற்ற மெதுவாக இறங்கினோம். வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுவார்கள்.

முதல் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மாற்றினார். இரண்டாமவர் ரேடியேட்டரைக் கழுவிப் புது மூடி போட்டார். மூன்றாமவர் எதையும் சோதிக்காமலே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு சார், ஹெட்டைக் கழட்டணும்" என்றார். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல் அது. அங்கேதான் பயந்து நிறுத்தினேன்.

ஞாயிறுதோறும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, டேங்கில் மார்க்கரால் கோடு போட ஆரம்பித்தேன். வாரம் சுமார் 200 மில்லி குறைந்தது. ஆனால் ஹெட் கேஸ்கெட் போனால் பெரும்பாலும் தெரிவதுபோல, ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தாற்போல எதுவும் இல்லை. சைலன்ஸரில் வெள்ளைப் புகை இல்லை. ஹீட்டர் கசிந்தால் உள்ளே கார்ப்பெட் நனையும், இனிப்பு வாடை வரும், அதுவும் இல்லை. அடியில் விரித்த அட்டையில் ஏசி தண்ணீர் மட்டும்தான்.

நான்காவது மெக்கானிக் எந்தப் பார்ட்ஸையும் தொடவில்லை. முதலில் டேங்க் வாயில் நீல நிறத் திரவம் உள்ள குழாயை வைத்து இன்ஜினை ஓடவிட்டார். எரிந்த புகை கூலன்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும்; நீலமாகவே இருந்தது. ஹெட் கேஸ்கெட் பிழைத்தது. அப்புறம் ஆறிய இன்ஜினில் கைப்பம்பால் 1 பார் அழுத்தம் ஏற்றினார். பத்து நிமிடத்தில் பம்ப்பின் அழுத்த முள் இறங்கியது, அதாவது எங்கோ கசிகிறது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தால், கூலன்டை இன்ஜினில் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப்பின் அடியிலுள்ள சின்னத் துளையிலிருந்து ஈரம். சுற்றிலும் ரோஸ் நிறத்தில் காய்ந்த பொருக்கு. பம்ப்பின் உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியேறத்தான் அந்தத் துளையே இருக்கிறது. ஓடும்போது கசிந்தது சூடான பிளாக்கிலேயே காய்ந்துவிடும். ஆறினால் அழுத்தமும் இல்லை, கசிவும் இல்லை. அட்டையில் ஒரு சொட்டு கூலன்ட் விழாததன் ரகசியம் இதுதான்.

என் காரில் பம்ப்பைச் சுற்றுவது, இன்ஜின் வால்வுகளின் நேரத்தைச் சரியாக வைக்கும் டைமிங் பெல்ட். அதற்கும் வயதாகியிருந்ததால் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். 7,800 ரூபாய். அதற்கு முன் வீணாக்கியது ஏறக்குறைய அதே அளவு. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் இப்போது ரெடிமேட் கூலன்ட் மட்டும்தான் ஊற்றுகிறேன்.

பதினான்கு மாதம் ஆகிறது, மார்க்கர் கோடு அப்படியே இருக்கிறது. புதுக் கார்கள் பலவற்றில் வெப்ப முள்ளே இல்லை, வெறும் சிவப்பு விளக்குதான். அடுத்த காரில் முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன்.