யமஹா ஒய்இசட்450எஃப்: முன்னால் காற்று, பின்னால் புகை

இந்த மண்தடப் பந்தய பைக்கின் 2010 மாடலில் சிலிண்டர் ஹெட்டையே (சிலிண்டரின் மேல்பகுதி) திருப்பிப் போட்டார்கள்: காற்று நுழைவது முன்னால், புகை வெளியேறுவது பின்னால். பின்பக்கம் சாய்ந்த சிலிண்டர், ஏறக்குறைய நேராக இறங்கும் இன்டேக் (காற்று உள்ளே போகும் வழி). கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) வந்ததால் இது கைகூடியது. ஏர் ஃபில்டர் டேங்க் இருந்த இடத்தைப் பிடிக்க, பெட்ரோல் சீட்டுக்கடியில் இறங்கியது. எடை நடுவுக்கு வந்தது, நல்லதுதான்.

தலைவலி எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் குழாய்). நேரே பின்னால் விட்டால் குழாய்க்கு நீளம் போதாது. கீழ் வேகத்தில் இழுவை கெடும். எனவே சுருட்டினார்கள்; 2014இல் சிலிண்டரைச் சுற்றியே வளைத்துவிட்டார்கள்.

இன்டேக் இரைச்சல் ஓட்டுபவர் முகத்துக்கு நேரே (சிலருக்கு அதுவே சங்கீதம்). ஃபில்டரைக் கழற்றுமுன் மூடியைச் சுற்றி ஈரத்துணியால் துடையுங்கள். மண் விழுந்தால் நேரே த்ராட்டில் பாடிக்குள்தான் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்).