டை மெஷினா, ஸ்டென்சிலா, கட்டர் கத்தியா? மை பூசிப் பொங்கல் அட்டை செய்கிறவர்களுக்கு

பொங்கல் அட்டைக்கு என்ன படம் போடுவது என்று யாரும் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சூரியன், பானை, இரண்டு கரும்பு. மூன்றுமே உள்ளே எந்த விவரமும் வரையாமல், வெளிக்கோட்டை வைத்தே இன்னதென்று தெரிந்துவிடுகிறவை. மாஸ்க் வைத்து மை பூசும் முறை இவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது. உருவத்தைத் தாளில் வெட்டி அட்டைமேல் ஒட்டி, சுற்றிலும் மையைத் தேய்த்துவிட்டுத் தாளை உரித்தால், உருவம் வெள்ளையாக நிற்கும். மை படாமல் மறைக்கும் அந்தத் தாள்தான் மாஸ்க். வரையத் தெரியாதவர்களும் தைரியமாக இறங்கலாம்.

மாஸ்க்கை எதைக்கொண்டு வெட்டுவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. கத்தரிக்கோல், கட்டர் கத்தி, கூர்விளிம்புள்ள எஃகு அச்சை (டை) தாளில் அழுத்தி வெட்டுகிற, கைப்பிடியைச் சுற்றி ஓட்டும் டை மெஷின், கணினியோடு இணையும் எலக்ட்ரானிக் கட்டர், வெட்டியே விற்கிற பிளாஸ்டிக் ஸ்டென்சில் எனப் பல வழிகள் இருக்கின்றன. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை அட்டை செய்கிறவருக்கு மெஷின் வேண்டாம். கட்டர் கத்தியே போதும். மிஞ்சுகிற பணத்தை மையிலும் தாளிலும் போடுங்கள். விற்பனைக்காக ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்கள் கதை வேறு, அவர்கள் டை மெஷின் வாங்கலாம்.

ஒரு வெட்டில் இரண்டு மாஸ்க்

டை மெஷினின் உண்மையான பலம் வேகம் மட்டுமல்ல. எஃகு டையைத் தாள்மேல் வைத்து, இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே கொடுத்து, உருளைகளுக்குள் ஓட்டினால் வட்டம் தனியாக வருகிறது. வட்ட ஓட்டையுள்ள வெளித்தாளும் கிழியாமல் முழுசாக வருகிறது. இரண்டுமே மாஸ்க்தான்.

சூரியனை எடுத்துக்கொள்வோம். முதலில் வட்டத்தை அட்டையில் ஒட்டுங்கள். அடிவானத்திலிருந்து மஞ்சள், அதன்மேல் ஆரஞ்சு, பிறகு ரோஸ், உச்சியில் ஊதா. மஞ்சளும் ஊதாவும் நேராகச் சந்தித்தால் சேற்றுப் பழுப்பாகிவிடும், நடுவில் ரோஸ் இருந்தாக வேண்டும். இப்போது வட்டத்தை உரித்துவிட்டு, ஓட்டையுள்ள வெளித்தாளை அந்த வெள்ளை வட்டத்தின்மேல் பொருத்துங்கள். உள்ளே கீழ்ப்பாதிக்கு மஞ்சள், மேல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் ஆரஞ்சு. இரண்டு தாளும் ஒரே வெட்டில் பிறந்தவை என்பதால் ஓரம் ஓரத்தோடு அப்படியே உட்காரும். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் ஒரு பக்கம் வெள்ளைப் பிறையும் எதிர்ப்பக்கம் இருண்ட கோடும் காட்டிக்கொடுத்துவிடும்.

கத்தரிக்கோல் தோற்பது இங்கேதான். வட்டத்தை எவ்வளவு அழகாக வெட்டினாலும், உள்ளே நுழைய வெளித்தாளை ஓரிடத்தில் கிழித்தாக வேண்டும். கட்டர் கத்தியில் அந்தச் சிக்கல் இல்லை. அடியில் கட்டிங் மேட் வைத்து, கத்தியை அசைக்காமல் தாளைத் திருப்பிக்கொண்டே போனால் இரண்டு பகுதியும் கிடைக்கும். வட்டத்துக்கென்றே காம்பஸ் கட்டர் விற்கிறார்கள். பானைக்குக் கையே போதும். பானையின் வளைவு இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டும் என்று எந்தக் குயவரும் அடம்பிடித்ததில்லை. ஆனால் கரும்புத் தோகைபோல நீளமாக, கூராக முடிகிற வடிவங்களில் டையின் நேர்த்தி கைக்கு வருவது கடினம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எந்தத் தாளில் வெட்டுவது

வெட்டும் கருவியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மாஸ்க் தாளைப் பற்றி வாயே திறப்பதில்லை. எனக்கு இது பெரிய குறை. விளிம்பு கூர்மையாக வருவதும் வராததும் தாள் அட்டையோடு எவ்வளவு ஒட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாஸ்கிங் பேப்பர் என்று தனியாக விற்பது முழுப் பரப்பிலும் லேசான பசை உள்ளது. விளிம்பு வரை ஒட்டுவதால் மை அடியில் நுழைவதில்லை. ஒட்டிய மாஸ்க்கில் மை காய்ந்ததும் அதையே மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். விலைதான் கொஞ்சம் கூடுதல். இதற்குப் போட்டி, மேசையில் கிடக்கும் ஸ்டிக்கி நோட். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்த, நுண்ணிய உருண்டைகளாக அமைந்த பசைதான் அதில் இருக்கிறது. உருண்டைகள் அங்கங்கே மட்டுமே தொடுவதால் தாள் கிழியாமல் உரிகிறது. மாஸ்க்குக்கு வேண்டிய குணம் அதேதான். ஆனால் சாதாரண நோட்டில் பசை ஒரு பட்டை மட்டுமே. சிறிய சூரியன் அந்தப் பட்டைக்குள் அடங்கும், பானை அடங்காது.

ஸ்டிக்கர் தாளை வெட்டி ஒட்டலாமே என்று தோன்றும். அதன் பசை அட்டையின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வேறு வழி இல்லையென்றால், ஒட்டுவதற்கு முன் பருத்தித் துணியில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுங்கள். நூல் தூசு பட்டு பசை தணிந்துவிடும்.

அட்டை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவில் வழவழப்பாக, ஆனால் பளபளப்புப் பூச்சு இல்லாமல் இருக்க வேண்டும். பூச்சுள்ள ஆர்ட் கார்டில் மை உள்ளே இறங்காமல் விரலோடு வந்துவிடும். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் ஒரு அட்டை, எடை சுமார் 9 கிராம். டையில் வெட்டிய துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் அட்டை தடிமனாகி உறையைப் பிதுக்கும். மை பூசியது தட்டையாகவே இருப்பதால், உறையோடு சேர்த்தாலும் சாதாரணத் தபாலின் முதல் 20 கிராமுக்குள் நிம்மதியாக அடங்கும்.

ஸ்டென்சில்

கோலம், புள்ளி, மேகம் என்று ஒரே அலங்காரம் பரவலாக வர வேண்டுமானால் ஸ்டென்சிலை மிஞ்ச எதுவுமில்லை. கழுவினால் பல வருடம் வரும். நடுவில் தனிச் சூரியன் நிற்கும் அட்டைக்கு அது உதவாது. பசை இல்லாததால் நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கினாலும், நடுப்பகுதி லேசாகத் தூக்கிக்கொண்டு மை உள்ளே ஊரும்.

பிரஷ், ஸ்பாஞ்ச், மை

ஸ்பாஞ்ச் வட்டம் மையை நிறைய உறிஞ்சி அழுத்தமான நிறம் தரும். ஓரங்களில் அது கெட்டிக்காரன். ஆனால் முதலில் தொடும் இடத்தில் திட்டு விழும் அபாயம் உண்டு. மென்மயிர் பிரஷ் மெதுவாக, படிப்படியாக நிறமேற்றும், வானத்துக்கு அதுதான் சரி. மேக்கப் போடும் அடர்ந்த பிரஷ்ஷே போதும். எதுவானாலும் தொடக்கம் மாஸ்க்கின் மேல் இருக்கட்டும். அங்கிருந்து சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றி அட்டைக்கு இறங்குங்கள். வெளியிலிருந்து மாஸ்க்கை நோக்கித் தேய்த்தால் மயிர்கள் விளிம்பைக் கிளப்பிவிடும்.

அலுவலக ஸ்டாம்ப் பேடு இதற்கு ஆகாது. சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு கோடு கோடாக நின்றுவிடும். ரேஞ்சர் நிறுவனத்தின் டிஸ்ட்ரஸ் மை ஈரம் நெடுநேரம் நிற்கும்படி செய்யப்பட்டது, அதனால்தான் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன. அதன் தம்பியாக 2017இல் வந்த டிஸ்ட்ரஸ் ஆக்சைடில் சாயத்தோடு பிக்மென்டும் (கரையாத நிறத்தூள்) கலந்திருக்கிறது. கறுப்பு அட்டையிலும் பழுப்புக் காகிதத்திலும் எடுப்பாகத் தெரிவது இதுதான். வெள்ளை அட்டையில், காலைச் சூரியனுக்குரிய ஒளி வேண்டுமென்றால் என் ஓட்டு பழைய டிஸ்ட்ரஸுக்கே. ஆக்சைடின் மாவு படிந்த தோற்றம் பனிமூட்டத்துக்கு அழகு, வெயிலுக்கு அல்ல.

எழுத்து

எலக்ட்ரானிக் கட்டர் தன் விலையை நியாயப்படுத்தும் ஒரே இடம் தமிழ் எழுத்து. கடையில் கிடைக்கும் எழுத்து டைகளில் நான் பார்த்தவரை ஆங்கிலம்தான். ‘பொங்கல் வாழ்த்து’ என்று வேண்டுமானால் கத்தியால் வெட்ட வேண்டும், இல்லை படமாக மாற்றி கட்டருக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்து வடிவ ஓட்டைக்குள் மை பூசும்போது ‘க’, ‘வ’ போன்றவற்றின் மூடிய வயிற்றுப் பகுதி தனித் துண்டாகக் கழன்றுவிடும். ஸ்டென்சிலாக வெட்டினால் அதைத் தாங்க ஒரு பாலம் விட்டாக வேண்டும், எழுத்தின் குறுக்கே கோடு விழும். பசைத்தாளில் வெட்டினால் பாலம் வேண்டாம். வெட்டிய எழுத்தை அட்டையில் வைத்து, சுற்றிலும் வெளித்தாளை ஒட்டி, வயிற்றுத் துண்டுகளை அவற்றின் இடத்தில் இடுக்கியால் அழுத்திவிட்டு, எழுத்தை மட்டும் உரித்தெடுத்து அந்த ஓட்டையில் மை பூசினால் வேலை முடிந்தது. புள்ளிகள் பொடிசாக இருந்தால் வெட்டவே வேண்டாம், பேனாவால் வைத்துவிடலாம்.