மூன்றே மூவில் முடிந்திருக்க வேண்டிய ஆட்டம்: ட்ராய்ட்ஃபிஷ்ஷோடு மூன்று வருஷம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை. இலை வாடக் காத்திருக்கிற ராத்திரிகளில் ஃபிட்டர் அண்ணனும் நானும் செஸ் பலகையை விரித்துவிடுவோம். பனி இறங்கினால் சிக்னல் போய்விடும். அதனால்தான் நெட் இல்லாமலே ஓடுகிற ட்ராய்ட்ஃபிஷ் என்கிற செஸ் ஆப்பைப் போனில் போட்டேன். இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. உள்ளே கணக்குப் போடுவது 2008-ல் முதன்முதலில் வெளிவந்த ஸ்டாக்ஃபிஷ் என்கிற செஸ் எஞ்சின்.

ஓர் ஆட்டம். நான் வெள்ளை. என் ராணி சி4 கட்டத்தில், குதிரை எஃப்7-ல். அவருடைய ராஜா ஜி8, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. எஃப்7-ஐக் காக்க அவரிடம் எதுவுமில்லை. நான் செக்கோடு யானையை வெட்டினேன், ஒரே குஷி. அப்புறம் சொதப்பி, டிராவில் முடிந்தது.

வீட்டில் அந்த நிலையை ஆப்பில் அடுக்கிப் பார்த்தால், மூன்று மூவில் மேட், அதாவது ராஜா தப்பவே முடியாத செக், என்கிறது. குதிரையை எச்6-க்கு எடுத்தால் ராணியும் குதிரையும் சேர்ந்து செக். ராஜா எச்8-க்கு ஒதுங்கும். ராணியைக் கொண்டுபோய் ஜி8-ல் வைக்க வேண்டுமாம்! குதிரை காவல் இருப்பதால் ராஜா வெட்ட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். திரும்பக் குதிரை எஃப்7, மேட். சொந்த ஆட்களே ராஜாவை நகரவிடாமல் அடைத்துக்கொண்டு நிற்பார்கள். ஸ்மதர்டு மேட் என்பது இதுதான்.

"யானைய வெட்டிட்டு அப்படிச் சிரிச்சியே தம்பி" என்று அண்ணன் இன்னும் ஓட்டுகிறார்.

இந்த ஆப்பில் எனக்குள்ள குறை, அது காரணம் சொல்லாது. எதிராளி அதிகம் தாக்குப்பிடிக்கிற வழியை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். முதல் செக்குக்கு ராஜா எச்8 போகாமல் எஃப்8 போனால்? அதை நான்தான் நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. ராணி எஃப்7, அங்கேயே மேட். இப்படி ஒவ்வொரு பதிலையும் கையால் ஆடிப் பார்த்த பிறகுதான், தப்பவே வழியில்லை என்பது மண்டையில் ஏறியது. முதல் வருஷம் முழுக்க, எத்தனை மூவில் மேட் என்கிற எண்ணை மட்டும் பார்த்துத் தலையாட்டியதெல்லாம் வீண். இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் நானே யோசிக்கிறேன். விடை கிடைக்காவிட்டால்தான் ஓடவிடுவது.

இன்னொன்று, அது முதலில் சொல்லும் எண்ணை நம்பி மூடிவிடாதீர்கள். ஒன்பதில் மேட் என்று ஆரம்பித்து, கொஞ்சம் பொறுத்தால் ஆறுக்கு இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கிடைத்த முதல் மேட்டே குறுகியதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓடவிட்டால் போன் நன்றாகச் சூடாகும். டிசம்பர் குளிரில் உள்ளங்கைக்கு அது இதம்தான், ஆனால் ஷிஃப்ட் முடிவதற்குள் சார்ஜ் காலி.